பந்துக்கு முன்னாடியே முடியற சத்தம்

அஞ்சு போதும், அஞ்சு அடியில முடிச்சா போதும், ஆறு ஆச்சுன்னா போச்சு. பதினெட்டாவது குழிக்கான மேடையில நின்னுக்கிட்டு தேசிங்கு இதையே மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டிருந்தான். மனசுக்குள்ள பேசற பேச்சுக்கு நாக்கு ஏன் வறண்டு போகணும்னு அவனுக்கே புரியல. பதினேழு குழி முடிஞ்சு எண்பத்தோரு அடி. எண்பத்தாறுக்குள்ள முடிச்சவனுக்குத்தான் கால்ஃப் கோச் பரீட்சையில பாஸ். எண்பத்தேழுன்னா பையைத் தூக்கிக்கிட்டு வீட்டைப் பாக்கப் போகலாம், அடுத்த பரீட்சை ஆறு மாசம் கழிச்சு. முன்னாடி போன மூணு பேரு இன்னும் புல்வெளியிலேயே நின்னுக்கிட்டிருந்தாங்க, அதுல ஒருத்தன் குனிஞ்சு குனிஞ்சு பந்தைத் தேடிக்கிட்டிருந்தான், அவங்க நகர்ற வரைக்கும் இவங்க அடிக்கக் கூடாது, சும்மா நிக்கணும். சும்மா நிக்கறதுதான் கொடுமை. அடிச்சுத் தொலைச்சுட்டாலாவது என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுடும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் உசரத்துல மெட்ரோ ரயில் ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போச்சு. அதுல உக்காந்திருக்கற ஜனங்க இந்தப் பக்கம் பாத்தா, பச்சைப் பசேல்னு எடம், தொப்பி போட்டுக்கிட்டு மூணு பேரு, குடுத்து வச்சவனுங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போவாங்க. இங்க ஒருத்தன் அஞ்சா ஆறான்னு எண்ணிக்கிட்டு நிக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? அஞ்சு போதும். டிரைவர் மட்டையில ஒண்ணு, இரும்பு மட்டையில ஒண்ணு, சின்னதா ஒரு தட்டு, குழி இருக்கற கிரீன்ல உருட்டறது ரெண்டு. கூட்டினா அஞ்சு. இந்தக் குழியை எத்தனை தடவை அஞ்சுல முடிச்சிருக்கான், கண்ணைக் கட்டி விட்டாலும் முடிப்பான். ஆனா அதெல்லாம் கணக்கில்லாத திங்கட்கிழமை ஆட்டம்.

இருபத்திநாலு வருஷமா இதே மைதானத்துல அடுத்தவங்க பையைத் தூக்கினவன் தேசிங்கு. கேடின்னு பேரு அந்த வேலைக்கு. விமலாவைப் பொண்ணு பாக்கப் போனப்ப அவ சித்தப்பா மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேக்க, தேசிங்கோட அக்கா வெள்ளந்தியா கேடின்னு சொல்லிவைக்க, அத்தனை பேரும் கப்சிப்னு ஆயி, டம்ளர்ல காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். அப்பறம் வெவரம் சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தேசிங்கு மட்டும் சிரிக்கல. அந்த வார்த்தை தனக்குப் பொருத்தம்தான்னு அன்னிக்கு அவனுக்குத் தோணுச்சு, ஏன் தோணுச்சுன்னு யோசிக்காம இருக்கறதுக்காக காப்பியை ஒரே மூச்சுல குடிச்சான். இப்ப பையை ஏத்திக்கிட்டுப் போக பேட்டரி வண்டி வரப்போகுது, அறுபது கேடியில இருபது பேரு போதுங்கறாங்க. கிளப் செகரட்டரி கூப்பிட்டுச் சொன்னாரு, நீ பாஸ் பண்ணிட்டு வாய்யா, பயிற்சி மைதானத்துல உன்னை கோச்சாப் போட்டுக்கறேன், இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல. வயசு நாப்பத்தஞ்சு. படியெறங்கினா முட்டி ரெண்டும் கத்துது. வேற என்ன தெரியும் அவனுக்கு? காத்து எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு தெரியும். எந்த சாருக்கு எந்த நேரத்துல எந்த மட்டையை நீட்டணும்னு தெரியும். பந்து தப்பாப் போனா எந்த சார் கேடியைத் திட்டுவாரு, எந்த சார் தன்னைத்தானே திட்டிக்குவாருன்னு தெரியும். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த சேதுமாதவன் சார் ரெண்டாவது ரகம். இன்சூரன்ஸ் கம்பெனியில பெரிய பதவியில இருந்து முன்னாடியே ஓய்வு வாங்கினவரு, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சொல்லித்தரணும்னு ஆசை, அதான் அவரும் இன்னிக்குப் பரீட்சைக்கு வந்திருக்காரு. அவரு இங்க மெம்பராகி பதினோரு வருஷம், பதினோரு வருஷமும் அவரு பையைத் தூக்கினது தேசிங்குதான். குலுக்கல்ல ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல விழுந்தது அவன் தலையெழுத்து. மூணாவது ஆளு மைசூர்லேருந்து வந்த ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர், காலையிலேருந்து வாயைத் தொறக்கல. ஒருத்தர் அடியை இன்னொருத்தர் எண்ணி அட்டையில எழுதணும், அதுதான் முறை. தேசிங்கோட அட்டை சேதுமாதவன் சார் சட்டைப் பையில இருந்துச்சு. இன்னிக்கு என்னை சார்னு கூப்பிடாதய்யா, நீயும் நானும் இன்னிக்கு ஒண்ணுன்னு காலையில அவரு தோள்ல தட்டினாரு. சரி சார்னு சொன்னான் தேசிங்கு.

முன்னாடி போனவன் பந்து இன்னும் கெடைக்கல. தேசிங்கு பையிலேருந்து டிரைவரை உருவினான். பெரிய தலை, நீளமான தண்டு, பைக்குள்ளேயே ஒசந்து நிக்கற மட்டை. அவன் பையில மொத்தம் பதினோரு மட்டை, ஒண்ணு கூடக் கடையில வாங்கினது இல்ல. எட்டாம் நம்பர் ஒரு எலும்பு டாக்டர் வேண்டாம்னு குடுத்தது, அவரு கட்டை விரல் அழுத்தின பள்ளம் பிடியில இன்னும் இருக்கு. மணல்லேருந்து எடுக்கற குட்டை மட்டை ஊரைக் காலி பண்ணிட்டுப் போன ஒரு ஜப்பான்கார அம்மாவோடது. உருட்டற மட்டை சேதுமாதவன் சார் கோபத்துல தூக்கிப் போட்டது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சாய்வு, ஒண்ணை வீசற மாதிரி இன்னொண்ணை வீச முடியாது. டேய், எல்லாத்தையும் ஒரே மாதிரி வீசாதடா, மட்டைக்கு மட்டை மரியாதை வேற. குட்டை மட்டையா, பந்து ரெண்டு காலுக்கும் நடுவுல, அமுக்கி அடி, பந்து மொதல்ல, மண்ணு அப்பறம். நீளம் கூடக் கூட பந்து இடது குதிகால் பக்கம் நகர்ந்துக்கிட்டே வரணும். டிரைவர் வந்துடுச்சா, அமுக்கவே கூடாது, கூட்டித் தள்ற மாதிரி போ, மட்டை மேல ஏற ஆரம்பிக்கற எடத்துல பந்து தானா மாட்டும். யாரு சொன்னது இது? பழைய கூட்டாளி ஏகாம்பரம் சொன்னது. ஏகாம்பரம் வேணாம். இன்னிக்கு வேணாம். விமலாவை நெனைச்சுக்கோ. விமலாவுக்கு இந்த ஆட்டத்துல ஒரு எழுத்தும் தெரியாது, ஆனா அவன் நோயைக் கண்டுபிடிச்சது அவதான். போன மாசம் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில மட்டையைத் தலைகீழாப் பிடிச்சு வீசிப் பழகிக்கிட்டிருந்தான், அப்படிப் பிடிச்சா விஷ்ஷுன்னு சத்தம் வரும், சத்தம் எங்க பெருசா வருதோ அங்கதான் வேகம் பெருசுன்னு அர்த்தம். விமலா துணி காயப் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. யோவ், அந்த செருப்புதான பந்துன்னு வெச்சிருக்க? சத்தம் செருப்புக்கு முன்னாடியே முடிஞ்சுடுதே, கிட்ட வந்ததும் நீயா பிரேக் போடற, எதுக்குப் பயந்துக்கினே அடிக்கற? அவன் கையை நிறுத்திட்டு அவளைப் பாத்தான். இருபத்திரெண்டு வருஷமா யாரும் சொல்லாததை ஈரத் துணியை ஒதறிக்கிட்டே சொல்லிப்புட்டா. பயமா, எனக்கென்ன பயம்னு சிரிச்சு மழுப்பினான். அவ சிரிக்கல.

பயம்தான். அடுத்தவன் பொருள் ஒடஞ்சுடுமோங்கற பயம். கை கீழ வரும்போது பந்துக்கு ஒரு சாண் முன்னாடி மணிக்கட்டு தானா இறுகிக்கும், குழந்தை கையிலேருந்து கண்ணாடி டம்ளரைப் பிடுங்கற மாதிரி. எந்த மட்டையா இருந்தாலும் அப்படித்தான், குட்டையில கொஞ்சமாத் தெரியும், நீளம் கூடக் கூட அதிகமாத் தெரியும், டிரைவர்ல மானத்தை வாங்கும். திங்கட்கிழமை மெம்பருங்களுக்கு லீவு, அன்னிக்குக் கேடிங்க ஆடிக்கலாம், அது அந்தக் காலத்திலேருந்து வர்ற வழக்கம். அவங்கவங்க கையில இருக்கற ஒடஞ்ச மட்டை வளைஞ்ச மட்டையை வெச்சு ஆடுவாங்க. ஆடு, ஆனா மெம்பர் பையைத் தொடாத, அது ஒண்ணுதான் சட்டம். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாரம், பை வெக்கற ரூம் சாவி ஏகாம்பரத்துக்கிட்ட இருந்துச்சு. அவன் மூணாம் நம்பர் இரும்பை வெச்சுக்கிட்டு ஆலமரத்துப் பக்கம் பழகிக்கிட்டிருந்தான், சாவியைக் கொக்கியில மாட்டிட்டுப் போயிட்டான். தேசிங்குக்கு அப்ப இருபத்திமூணு வயசு. எண்ணெய்க் கம்பெனி சார் ஒருத்தரு வெளிநாட்டுலேருந்து புதுசா ஒரு டிரைவர் கொண்டாந்திருந்தாரு, முந்தின நாள் அதோட சத்தத்தைக் கேட்டதுலேருந்து தேசிங்குக்குத் தூக்கம் இல்ல. ஒரே ஒரு அடி. ஒண்ணே ஒண்ணு. சாவியை எடுத்து ரூமைத் தொறந்து அதை உருவிக்கிட்டுப் போயி, வேலி ஓரமா யாரும் இல்லாத எடமாப் பாத்து இழுத்து வீசினான். பந்துக்குப் பின்னாடி புல்லுக்குள்ள வேர் ஒண்ணு ஒளிஞ்சிருந்துச்சு. டக்குன்னு ஒரு சத்தம், கையெல்லாம் கூசிப் போச்சு. பாத்தா தலைக்கு மேல தண்டுல முடி மாதிரி ஒரு விரிசல். துண்டால தொடைச்சான், உறையை மாட்டினான், பையில வெச்சான், சாவியைக் கொக்கியில மாட்டினான். மறுநாள் காலையில அந்த சார் முதல் அடி அடிக்க, பந்து அங்கேயே கெடக்க, மட்டைத் தலை பறந்து போயி புல்லுல விழுந்துச்சு. யாரும் சிரிக்கல. சாவி யாருக்கிட்டன்னு கேட்டாங்க. மத்தியானத்துக்குள்ள ஏகாம்பரத்தை கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. தேசிங்கு சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் அவன் கூடப் போனான். போவும்போது ஏகாம்பரம் கேட்டான், யார்ரா மச்சான் பண்ணியிருப்பான்? தேசிங்கையே கேட்டான். தேசிங்கு தெரியலடான்னான். அவ்வளவுதான். அதுலேருந்து கை பிரேக் போடுது.

"தேசிங்கு, அவங்க போயிட்டாங்கய்யா. உன் முறை." சேதுமாதவன் சார் குரல் எங்கேயோ தூரத்துலேருந்து வந்த மாதிரி இருந்துச்சு. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சின்னக் குச்சியை நட்டு அது மேல பந்தை வெச்சான், பந்து ரெண்டு தடவை கீழ விழுந்துச்சு. இடது குதிகாலுக்கு நேரா பந்து. கூட்டித் தள்ளு. அமுக்காத. அஞ்சு போதும். சத்தம் பந்துக்கு அந்தப் பக்கம் வரணும். அஞ்சு போதும்னு நெனைக்காத. ஏகாம்பரத்தை நெனைக்காத. எதை நெனைக்கறது பின்ன, எதையாவது நெனைச்சுத்தான ஆகணும், மனசு என்ன சும்மா இருக்குமா? மட்டை மேல போச்சு, மேல போறது எப்பவும் சரியாத்தான் போகும், கீழ வந்துச்சு, வந்துச்சு, ஐயோ வந்துடுச்சுன்னு தோணின அந்தக் கண்ணிமைக்கற நேரத்துல மணிக்கட்டு இறுகிடுச்சு. விஷ்ஷுன்னு வந்த சத்தம் பாதியில அறுந்துச்சு. பந்து பட்டுச்சா தடவுச்சான்னு தெரியாம வலது பக்கமா வளைஞ்சு, தூங்குமூஞ்சி மரத்தடிக்குள்ள போயி விழுந்துச்சு. வெள்ளைத் தொப்பிக்காரர் ச்சு ச்சுன்னாரு, அதுதான் அவரு காலையிலேருந்து பேசின முதல் பேச்சு. அப்பறம் அவரும் அடிச்சாரு, அவரு பந்து இடது கோடியில புதருக்குள்ள போச்சு. சேதுமாதவன் சார் அடிச்சது எப்பவும் போல நேரா, கிட்டக்க, புல்வெளிக்கு நடுவுல உக்காந்துச்சு.

நடக்க ஆரம்பிச்சாங்க. ஒண்ணு ஆச்சு, இன்னும் நாலு இருக்கு. மரத்துக்கு அடியிலேருந்து வெளிய வர ஒண்ணு, கிரீனுக்கு ஒண்ணு, உருட்டறது ரெண்டு, சரியா அஞ்சு, ஒரு அடி கூட மிச்சம் இல்ல. வேர் இருக்குமோ? மரத்தடின்னா வேர் இருக்கத்தான இருக்கும். அந்த நெனப்பு வந்ததும் உள்ளங்கை கூச ஆரம்பிச்சுச்சு, இருபத்திரெண்டு வருஷத்துக்கு முந்தின கூச்சம், இன்னும் அப்படியே இருக்கு. ஒரு தடவை பஸ் ஸ்டாப்புல ஏகாம்பரத்தைப் பாத்தான், வாட்ச்மேன் உடுப்புல, கையில சோத்துப் பை. தேசிங்கு செல்போனைக் காதுல வெச்சுக்கிட்டு மறுபக்கம் திரும்பிக்கிட்டான், போன்ல யாரும் இல்ல. ஏகாம்பரம் பாத்தானா பாக்கலையா தெரியாது. பாத்திருப்பான். பாத்தா கூப்பிட்டிருப்பான். கூப்பிடாததுனால பாக்கல. இல்ல, பாத்துட்டுதான் கூப்பிடலையோ? இப்படியே நெனைச்சுக்கிட்டு, முட்டி கத்த, பை பட்டை தோளை அறுக்க நடந்துக்கிட்டிருந்தான். எங்க நடந்தான்னு அவனுக்குத் தெரியாது. அவன் பந்து வலது பக்கம் மரத்தடியில கெடக்குது, கால் ரெண்டும் பதினோரு வருஷம் நடந்த தடத்துல நடந்து சேதுமாதவன் சார் பந்துக்கிட்ட போயி, அவரு பைக்கு இடது பக்கம் ஒரு எட்டு பின்னாடி, எப்பவும் நிக்கற எடத்துல நின்னுடுச்சு. கொடி தூரத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு. அப்பதான் அவன் கன்னத்துல பட்டுச்சு, சில்லுன்னு, லேசா உப்பு. கடல் காத்து. மத்தியானம் ஆனா கிழக்கேருந்து வர்றது, இந்தக் குழிக்கு நேர் எதிர். கொடி மதில் மறைவுல இருக்கு, அது அசைய இன்னும் நாலு நிமிஷம் ஆகும், ஆனா மேல ஏறின பந்தை இப்பவே புடிச்சுத் தள்ளும். சேதுமாதவன் சார் ஏழாம் நம்பரை உருவினாரு, நம்பர் கொறைஞ்சாத்தான் தூரம் கூடும்.

"ஏழு பத்தாது சார். ஆறு எடுங்க. கடல் காத்து வந்துடுச்சு."

அவரு திரும்பிக் கூடப் பாக்கல, ஏழாம் நம்பரை உள்ள போட்டு ஆறை எடுத்தாரு, ரெண்டு தடவை ஆட்டிப் பாத்தாரு, அடிச்சாரு. பந்து நல்லா ஏறி, காத்துல ஒரு நொடி தயங்கி, கிரீன்ல கொடிக்குப் பின்னாடி போயி விழுந்துச்சு. சபாஷ்னு சொல்ல தேசிங்கு வாயைத் தொறந்தான். தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுபோச்சு. ஐயோ. என்ன சொன்னேன் நான்? அடப்பாவி நாக்கே, என்ன சொல்லித் தொலைச்ச? ஆட்டத்துல இருக்கறவன் கூட ஆடறவனுக்கு எந்த மட்டையை எடுக்கணும்னு யோசனை சொல்லக் கூடாது, சொன்னா சொன்னவனுக்கு ரெண்டு அடி தண்டம். கேடி சொல்லலாம், அவன் வேலையே அதுதான். இன்னிக்கு அவன் கேடி இல்ல. விமலா ராத்திரி சாதம் போட்டுட்டு விதிப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு உரக்கப் படிச்சா, இவன் கண்ணை மூடி ஒப்பிச்சான், இந்த விதியை ஒப்பிக்கும்போது ரெண்டு பேரும் சிரிச்சாங்க, இதை எவன்யா பண்ணப்போறான்னா அவ. எவன் பண்ணுவான்? வேற எவன் பண்ணுவான்? இருபத்திநாலு வருஷம் பை தூக்கினவனைத் தவிர இந்தத் தப்பை உலகத்துல எவனும் பண்ண மாட்டான். சேதுமாதவன் சார் மட்டையைத் தொடைச்சு பையில போட்டுக்கிட்டிருந்தாரு, முகத்துல நல்லா அடிச்ச சந்தோஷம் தவிர ஒண்ணும் இல்ல. அவருக்கு ஒறைக்கல. வெள்ளைத் தொப்பிக்காரர் அந்தக் கோடியில புதரைக் குத்திக்கிட்டிருந்தாரு. யாருக்கும் தெரியாது. காக்கா ஒண்ணு தண்ணிக் குழாய் மேல உக்காந்து கழுத்தைச் சாய்ச்சுப் பாத்துச்சு, அதைத் தவிர சாட்சி இல்ல.

மரத்தடிக்கு எப்படிப் போனான்னு தெரியாது. ரெண்டு தண்டம், ஒண்ணு அடிச்சது, மூணு. இன்னும் ரெண்டே ரெண்டுல முடிக்கணும், இங்கேருந்து ஒண்ணு, உருட்டி ஒண்ணு. நடக்கற காரியமா? இல்லன்னா வாயை மூடிக்கிட்டு இருந்துடலாம், நாலு அடி கைவசம். வாயை மூடறது புதுசா என்ன. செஞ்சு பழக்கம்தான. அந்த நெனப்பு வந்த வேகத்துல அவன் மரத்துல ஒரு கையை ஊணிக்கிட்டான். கோச்சுன்னு பேரு எழுதின சட்டையைப் போட்டுக்கிட்டு, பசங்க முன்னாடி நின்னுக்கிட்டு, கையை விட்டு அடிங்கடா பயப்படாதீங்கடான்னு இவன் சொல்லுவான். எந்த வாயால? பந்து இலைச் சருகுல கெடந்துச்சு. கிளைங்க இடுப்பு ஒசரத்துக்குத் தொங்குச்சு, தூக்கி அடிச்சா கிளையில பட்டுத் திரும்பி வரும், தாழ அடிக்கணும், தரையோட ஓடவிடணும். அதுக்கு ஒரே மட்டைதான் இருக்கு. மூணாம் நம்பர் இரும்பு, ஒல்லித் தலை, ஒருத்தருக்கும் அடங்காது, அதனாலதான் மெம்பருங்க அதைத் தூக்கிப் போட்டுடுவாங்க. பந்தை வலது கால் பக்கம் தள்ளி வெச்சுக்கோ, கையை முன்னாடி சாய்ச்சுக்கோ, பாதி வீச்சு, முழு வீச்சு வேணாம், ஆனா பாதியில நிறுத்திடாத மச்சான், பாதியில நிறுத்தினா இந்த மட்டை உன்னைக் காறித் துப்பும். ஏகாம்பரம் குரல் பக்கத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு. தேசிங்கு கேக்க விட்டான், இந்தத் தடவை வேணாம்னு சொல்லல. வேர் இருக்கான்னு கூடப் பாக்கல. அவன் பயமெல்லாம் நாக்குல போயிக் குவிஞ்சு கெடந்துச்சு, நாக்கைப் பத்தின கிலியில கைக்குப் பயப்பட மறந்துபோச்சு. அடிச்சான். அடிச்சதுக்கு அப்பறம்தான் அடிச்சதே தெரிஞ்சுச்சு. சத்தம் பந்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு.

பந்து கிளைக்கு அடியில புகுந்து, எதிர்க்காத்துக்குச் சிக்காம தரையோட பறந்து, விழுந்து, ஓடி, ஓடி, மேடேறி கிரீனுக்குள்ள போச்சு. அந்தப் பக்கத்துலேருந்து சேதுமாதவன் சார் ரெண்டு கையையும் தூக்கினாரு. "அடேங்கப்பா! யாருய்யா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" தேசிங்கு மட்டையைத் தொடைச்சு பையில போட்டுட்டு நடந்தான். கிட்டப் போய்ப் பாத்தா பந்து குழிக்கு நாலு எட்டுல நின்னுச்சு. நாலு எட்டு. இது விழுந்தா மூணு, தண்டம் ரெண்டு, அஞ்சு, எண்பத்தாறு, பாஸ். இது விழுந்தா ஒண்ணையும் மறைக்க வேணாம், சொல்லிட்டும் ஜெயிக்கலாம். கடவுளே, வேளச்சேரி எல்லையம்மா, ஒரே ஒரு தடவை. உருட்டற மட்டையை எடுத்தான், தோளாலதான் ஆட்டணும், மணிக்கட்டு செத்த மாதிரி இருக்கணும். சரிவு லேசா இடது பக்கம், அது அவனுக்கு மனப்பாடம், எத்தனை சாருங்களுக்கு இந்த எடத்துல விரல் வெச்சுக் காட்டியிருக்கான். விமலா இந்நேரம் கம்பெனியில தையல் மிஷின் முன்னாடி உக்காந்து செல்போனைப் பாத்துக்கிட்டிருப்பா. உருட்டினான். கோடு சரி. கோட்டுல நூல் பிடிச்ச மாதிரி போச்சு. ஆனா கடைசி நேரத்துல கை பழைய வேலையைக் காட்டிடுச்சு, இறுகிடுச்சு, பந்து போயி, போயி, குழி வாசல்ல ஒரு விரக்கடை தூரத்துல நின்னுபோச்சு. காத்து வந்து தள்ளாதான்னு பாத்துக்கிட்டே நின்னான். கொடி இப்பதான் அசைய ஆரம்பிச்சுச்சு, பந்து அசையல. குனிஞ்சு தட்டி உள்ள போட்டான். நாலு.

மத்த ரெண்டு பேரும் முடிச்சாங்க. வெள்ளைத் தொப்பிக்காரர் தலையாட்டிட்டுக் குழாயடிக்குப் போனாரு. சேதுமாதவன் சார் அட்டையை எடுத்து தொடையில வெச்சு பென்சிலால எழுதிக்கிட்டே, சொந்தத் தம்பி பாஸான மாதிரி சிரிச்சாரு.

"நாலு. எண்பத்தஞ்சு! ஒண்ணு மிச்சமாவே வந்துட்டியேய்யா! விமலாவுக்குப் போன் போடு மொதல்ல."

போன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. கையெழுத்துப் போட பென்சிலை நீட்டினாரு. தேசிங்கு பென்சிலை வாங்கிக்கல. வாங்கினா கை தானா எழுதிடும், அது அடுத்தவன் பொருளை உறை மாட்டி உள்ள வெக்கறதுல தேர்ந்த கை.

"ஆறு போடுங்க சார்."

"ஆறா? நாலுதான? நான் எண்ணிக்கிட்டுதான வர்றேன்."

"அடிச்சது நாலு. பேசினது ரெண்டு. நீங்க ஏழு எடுத்தீங்க, நான் ஆறு எடுங்கன்னேன்."

சேதுமாதவன் சார் பையைப் பாத்தாரு, ஆறாம் நம்பரைப் பாத்தாரு, அவரு முகத்துல ரத்தம் வத்திப் போச்சு. "ஐயய்யோ. எனக்குத் தோணவே இல்லய்யா. நீ சொன்ன, நான் எடுத்தேன், பதினோரு வருஷமா அப்படித்தான..." குரலைத் தாழ்த்திக்கிட்டு குழாயடிப் பக்கம் பாத்தாரு. "அவரு கேக்கற தூரத்துல இல்ல. இது எனக்கும் உனக்கும்தான் தெரியும். பழக்கதோஷம்ய்யா இது. இதுக்குப் போயி ஆறு மாசத்தை விடுவியா? வேலை என்னாகும்?"

"தெரியல சார். அன்னிக்கும் யாருக்கும் தெரியல."

"என்னிக்கு?"

இதைச் சொல்லணும்னு அவன் நெனைக்கல. ஒண்ணைப் பிடுங்கினதும் அதோட வேர் இன்னொண்ணையும் இழுத்துக்கிட்டு வந்துடுச்சு. "அந்த டிரைவரை ஒடச்சது நான்தான் சார். ஏகாம்பரம் இல்ல." சொல்லி முடிச்சதும் காதுல கொய்யுன்னு கேட்டுச்சு. இப்ப எல்லாரும் ஓடி வருவாங்க, மைதானம் முழுக்கத் திரும்பிப் பாக்கும், சாவியைக் கேப்பாங்கன்னு அவன் ஒடம்பு எதிர்பாத்து ஒடுங்கி நின்னுச்சு. குழாயடியில வெள்ளைத் தொப்பிக்காரர் முகம் கழுவிக்கிட்டிருந்தாரு. மெட்ரோ ஒண்ணு போச்சு. யாரும் வரல.

சேதுமாதவன் சார் பென்சிலைப் பிடிச்சபடியே அவனைப் பாத்தாரு. "எந்த டிரைவர்? யாருய்யா ஏகாம்பரம்?"

அவருக்குத் தெரிய வழியில்லன்னு தேசிங்குக்கு அப்பதான் ஒறைச்சுது. எண்ணெய்க் கம்பெனி சார் செத்து ஒம்பது வருஷம். அன்னிக்கு இருந்த செகரட்டரி இல்ல, அன்னிக்கு இருந்த கேடிங்கள்ல ரெண்டு பேரு மிச்சம், அவங்களும் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. இருபத்திரெண்டு வருஷமா எந்த வாயிலேருந்து அந்தப் பேரு வந்துடுமோன்னு அவன் நடுங்கினானோ, அப்படி ஒரு வாயே இல்ல. இவன் ஒருத்தன் கையிலதான் அது இருந்திருக்கு. தேசிங்கு அட்டையையும் பென்சிலையும் வாங்கி, நாலை அடிச்சிட்டு, பக்கத்துல ஆறுன்னு பெருசா எழுதி, கையெழுத்துப் போட்டான்.

"எங்கூட பை தூக்கினவன் சார்"ன்னான். "மூணாம் நம்பரை ரொம்ப நல்லா அடிப்பான்."